தடுத்த இடத்தில் தடயம்: தென்னாப்பிரிக்க நாட்குறிப்பு

ஞாயிறு, ஜோகன்னஸ்பர்க்

இங்கே ஆகஸ்ட் என்றால் குளிர்காலத்தின் வால். வெயில் பளீரென்று அடிக்கிறது, ஆனால் நிழலுக்குள் கால் வைத்தால் பல் கிட்டுகிறது. பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில் புல் முழுக்க வைக்கோல் நிறம். இங்கே இந்தியர் உரிமைக்காகக் காந்தியோடு போராடிச் சிறை போன தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறை முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அவரைப் போன்றவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதத்தான் வந்திருக்கிறேன். தரை சுரீரென்றது.

எங்கள் பக்கத்தில் தரங்கம்பாடிக்குப் போகும் வழியில்தான் தில்லையாடி. அங்கே அவருக்கு நினைவு மண்டபம் உண்டு. சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அவர் பெயர். 2008இல் தபால்தலையும் வந்துவிட்டது. ஆனால் தில்லையாடி அவருடைய அம்மா மங்களத்தின் ஊர். வள்ளியம்மை 1898இல் பிறந்தது ஜோகன்னஸ்பர்கில், வளர்ந்ததும் இங்கேதான், 1914 பிப்ரவரி 22இல் இறந்ததும் இங்கேதான். தமிழில் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காவிரிப் படுகையின் பச்சை வயலில் முதல் அத்தியாயத்தைத் தொடங்குகிறார்கள். அந்த வயலை அந்தப் பெண் பார்க்கவே இல்லை. அப்பா முனுசாமி முதலியார் காய்கனி வியாபாரி. முதல் அத்தியாயத்தில் முட்டைக்கோசு மூட்டையும் தங்கச் சுரங்க நகரத்தின் செம்புழுதியும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பக்கத்திலேயே நாகப்பன். அதே போராட்டத்தில் சிறை போன பதினெட்டு வயதுப் பையன். 1909 ஜூன் மாதக் குளிரில் பத்து நாள் சிறை, சாலை போடும் வேலை. வெளியே வந்து ஜூலை 6இல் நிமோனியாவில் இறந்தான். இருவருடைய நினைவுக் கற்களையும் காந்தி 1914 ஜூலை 15இல் திறந்துவைத்தார். மூன்று நாள் கழித்துத் தென்னாப்பிரிக்காவை விட்டே கிளம்பிவிட்டார்.

இந்த இருவரோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டிய மூன்றாவது ஆள் நாராயணசாமி. அவருக்கு இந்தத் தோட்டத்தில் இடமில்லை. 1910 அக்டோபர் 16இல் அவர் இறந்தது டெலகோவா விரிகுடாவில், அதாவது இன்றைய மொசாம்பிக்கின் மபூட்டோவில். அவரைப் பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன். உண்மையில் என்னை இந்தப் பயணத்துக்கு இழுத்துவந்தவர் அவர்தான்.

காவலாளி, "சொன்டோங்காவையும் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார். தென்னாப்பிரிக்க தேசிய கீதத்தின் முதல் பகுதியை இயற்றிய இனாக் சொன்டோங்கா 1905இல் இறந்தவர். கல்லறை எங்கே என்று வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் சொன்டோங்கா என்ற பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள், பதிவேட்டிலோ அவர் 'இனாக்' என்ற பெயரின் கீழ் இருந்தார். 1996இல்தான் அந்த இடம் தேசியச் சின்னமானது. சொந்த நாட்டிலேயே இறந்தவருக்கு இந்தக் கதி. கடல் தாண்டி வந்த கோவிந்தசாமிகளும் முனுசாமிகளும் எந்தெந்த எழுத்தின் கீழ் ஒளிந்திருக்கிறார்களோ.

திங்கள், ஜோகன்னஸ்பர்க்

பழைய கோட்டைச் சிறைக்குப் போனேன். இப்போது அந்த வளாகத்தில் நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து போனார்கள், வழிகாட்டி காந்தி இருந்தார், மண்டேலா இருந்தார் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். தம்பி நாயுடுவின் பெயரை நான்தான் எடுத்தேன். "யெஸ், யெஸ், நாயுடு" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

1908 ஜனவரி 28இல் இந்தச் சிறையிலிருந்து அப்போது காலனிச் செயலராக இருந்த ஜெனரல் ஸ்மட்ஸுக்குச் சமரசம் பேசி ஒரு கடிதம் போனது. கீழே மூன்று கையெழுத்து: காந்தி, சீனச் சங்கத் தலைவர் லியுங் குவின், தம்பி நாயுடு. ஒருவர் கத்தியவாரிலிருந்து வந்தவர், ஒருவர் சீனர், ஒருவர் மொரீஷியஸில் பிறந்த தமிழர். முதலாமவருக்கு உலகம் முழுக்க அலமாரி அலமாரியாகப் புத்தகம். மற்ற இருவரும் அந்தப் புத்தகங்களின் பின்பக்கப் பெயரடைவில் வருகிறார்கள்.

தம்பி நாயுடு 1875இல் பிறந்தவர். ஜோகன்னஸ்பர்கில் தமிழர் சங்கத் தலைவர். பள்ளிப் படிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கிலம் பேசுவார், எழுதுவார், தமிழ் தெரியும், இந்துஸ்தானி பேசுவார், தெலுங்கு ஓரளவு, மொரீஷியஸ் கிரியோல் சரளம் என்று காந்தி எழுதிவைத்திருக்கிறார். 1908 பிப்ரவரி 10இல் அந்தச் சமரசத்தில் கோபம் கொண்ட மீர் ஆலம் கூட்டத்தார் காந்தியைத் தாக்கியபோது குறுக்கே விழுந்து அடி வாங்கியவரும் இவர்தான். நம்மூரில் இவரைத் தெரிந்தவர்களுக்கும் அந்த அடி மட்டும்தான் தெரியும். ஒரு மனிதர் 1933 வரை வாழ்ந்திருக்கிறார், அதில் ஒரு காலை நேரத்தை எடுத்து ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டோம்.

செவ்வாய், பிரிட்டோரியா

தேசிய ஆவணக் காப்பகம். பேனா கூடாது, பென்சில் மட்டும். பை லாக்கருக்குள். அப்புறம் சீட்டெழுதிக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதான்.

இந்த மாதிரி வேலைக்கு வருகிறவர்களுக்கு உருப்படியாக ஒன்று சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்தால் சொத்து விவகாரத்துக்காக மரண அறிவிப்பு என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். பிறந்த ஊர், அப்பா அம்மா பெயர், வயது, மனைவி, பிள்ளைகள், எந்த இடத்தில் உயிர் போனது, என்ன சொத்து, எல்லாம் ஒரே தாளில். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவனுக்கு இது புதையல். ஆனால் கவனம் வேண்டும். இதை நிரப்புகிறவர் செத்தவர் இல்லை, மகனோ மைத்துனனோ. துக்க வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து சொல்வது. பிறந்த ஊர் என்ற இடத்தில் 'இந்தியா' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டிருப்பார்கள். வயதோ, ஐந்து வருஷம் முன்னே பின்னே போகும். கீழே கையெழுத்துப் போட்டது யார் என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் மேலே உள்ளதை நம்ப வேண்டும்.

டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பன் வந்ததில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவேடுகள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அங்கே பலருக்கு ஃபோட்டோவே உண்டு.

சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள் கதை வேறு. கடைக்காரர், கணக்கப்பிள்ளை, தட்டார், கோயில் குருக்கள். ஆரம்பக் காலத்தில் இவர்களை யாரும் பெரிதாக நிறுத்திக் கேட்கவில்லை. அதனால் இவர்களைப் பற்றிய காகிதமும் குறைவு. 1907இல், ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வாலில் ஆசியர் பதிவுச் சட்டம் வந்து பத்து விரலையும் மையில் தோய்க்கச் சொன்ன பிறகுதான் இவர்கள் கோப்புகளில் முளைக்கிறார்கள்.

மத்தியானம் டீ குடிக்க வெளியே வந்தபோது எனக்கு இது உறைத்தது. எல்லை தாண்டுகிறவன் வாழ்க்கையில் அவனை யாராவது மறித்த இடத்தில்தான் எழுத்து இருக்கிறது. மறிக்காமல் விட்டால் ஆள் காற்று. துறைமுகக் குமாஸ்தா, பெர்மிட் ஆபீசர், ஜெயில் வார்டன் ஆகியோர்தான் நமக்குக் கிடைக்கும் முதல் வரலாற்று ஆசிரியர்கள். அவர்கள் எழுதியதை வைத்து நாம் எழுதினால் நம் கதாநாயகன் எப்போதும் வரிசையில் நின்றுகொண்டே இருப்பான். அவன் சாப்பிட்டது, கடன் வாங்கியது, மச்சானோடு சண்டை போட்டது எதுவும் வராது. வள்ளியம்மையின் பதினாறு வருஷத்தில் நமக்குத் தெரிந்தது கடைசி சில மாதம். அதற்கு முன்னால் அவரை யாரும் கைது செய்யவில்லை, அவ்வளவுதான் காரணம்.

கேட்டிருந்த கோப்புகளில் ஒன்று வந்தது. அட்டை இருந்தது, உள்ளே தாள் இல்லை. மேஜைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். சரி.

புதன், லெனேசியா

ஜோகன்னஸ்பர்குக்குத் தெற்கே, இனவாரியாக ஊரைப் பிரித்த காலத்தில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய இடம். நகருக்குள் பேஜ்வியூ போன்ற தெருக்களில் தலைமுறையாக இருந்தவர்களை வீட்டைக் காலி செய்யச் சொல்லி இங்கே கொண்டுவந்து விட்டார்கள்.

நண்பர் ஒருவர் தன் பெரியம்மா வீட்டுக்கு அழைத்துப்போனார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். இங்கே எல்லோரும் ஆன்ட்டி என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார். தமிழ் பேசுவார், ஆனால் வாக்கியம் பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் தேவாரம் பாட வரும், தண்ணீர் கேட்க வராது.

ஆடி மாதம் என்பதால் கோயிலில் கூழ் ஊற்றியிருந்தார்கள். இங்கே அதற்கு 'போரிட்ஜ் பிரேயர்' என்று பெயர். கேழ்வரகுக்குப் பதில் சோளமாவு. புளிக்கவைத்து, வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தால் மாரியம்மனுக்கு வித்தியாசம் தெரியாது என்று நினைக்கிறேன்.

ஆன்ட்டி பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். அவருடைய தாத்தாவின் கப்பல் பட்டியல் நகல். தட்டச்சு செய்த ஒற்றைத் தாள். எண், பெயர், வயது 22, வட ஆற்காடு, ஒரு கிராமத்தின் பெயர். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது, எந்தக் கிராமமாகவும் இருக்கலாம். அதற்கும் பக்கத்துக் கட்டத்தில், இடது முழங்காலில் தழும்பு. ஓடிப்போனால் ஆளை அடையாளம் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கட்டம்.

"ஃபோட்டோ கெடையாது தம்பி. மொகம் எப்பிடின்னு எங்க ஒருத்தருக்கும் தெரியாது. முட்டியில தழும்பு இருந்தது மட்டும் தெரியும்" என்றார்.

"எப்படி வந்த தழும்பு என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா, ஆன்ட்டி?"

"சின்னப் பையனா மாடு மேய்க்கும்போது விழுந்தாராம். அம்மா சொல்லுவாங்க. நெஜமோ பொய்யோ."

பட்டியலில் கடைசிக் கட்டம் அவரை எந்தக் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்பது. அதற்கு மேல் தாளில் ஒன்றுமில்லை. மாடு மேய்த்ததை எந்தக் குமாஸ்தாவும் கேட்கவில்லை. ஆன்ட்டி சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். 'நெஜமோ பொய்யோ' என்பதையும் சேர்த்துத்தான். அது இல்லாமல் மாட்டுக் கதையை மட்டும் எழுதினால் ஏமாற்று வேலை.

வள்ளியம்மையைப் பற்றி நம்மூரில் புழங்கும் கொடிக் கதையும் இப்படித்தான். இந்தியாவுக்குக் கொடியே இல்லையே என்று யாரோ இளக்காரமாகக் கேட்க, தன் சேலையைக் கிழித்து 'இதுதான் என் கொடி' என்று காட்டினாராம். மேடைக்கு அருமையான கதை. ஆனால் 1923இல் எரவாடா சிறையில் காந்தி எழுதத் தொடங்கிய தென்னாப்பிரிக்க சத்தியாகிரக வரலாற்றில் இது இல்லை. அங்கே இருப்பது வேறு ஒரு பேச்சு. படுக்கையில் கிடந்த பெண்ணிடம், சிறைக்குப் போனதற்கு வருத்தப்படுகிறாயா என்று அவர் கேட்கிறார். இப்போது பிடித்தால் மறுபடியும் போவேன் என்கிறாள். செத்துவிட்டால்? பரவாயில்லை, தாய்நாட்டுக்காகச் சாக யார்தான் விரும்ப மாட்டார்கள் என்கிறாள். எந்த நாட்டைச் சொன்னாள்? அம்மா பிறந்த நாட்டையா, தான் பிறந்த நாட்டையா? தில்லையாடிக்காரர்களும் ஜோகன்னஸ்பர்க்காரர்களும் தங்கள் தங்கள் நாடு என்றே படிக்கிறார்கள். நான் இரண்டையும் எழுதப்போவதில்லை, கேள்வியை அப்படியே விட்டுவிடப்போகிறேன்.

தம்பி நாயுடுவின் கதை அவரோடு நின்றுவிடவில்லை. 1914இல் தன் நான்கு மகன்களைக் காந்தியிடம் ஒப்படைத்து இந்தியாவுக்கு அனுப்பினார். அவர்களில் நாரணசாமி சாந்திநிகேதன் வாசமும் காந்தி ஆசிரம வாசமும் முடித்து இங்கேயே திரும்பிவந்து தொழிற்சங்க வேலையில் இறங்கினார். அவருடைய மகன் இந்திரஸ் ராபன் தீவில் பத்து வருஷம் சிறை இருந்தார், பிறகு மொசாம்பிக்கில் புகலிடம். மகள் சாந்தி இங்கிலாந்துக்குப் போக வேண்டிவந்தது. பாட்டன் மொரீஷியஸிலிருந்து வந்தார், பேரப்பிள்ளைகள் மறுபடியும் எல்லை தாண்டினார்கள். இப்படிப்பட்ட வீட்டை ஒரு நாட்டின் வரலாற்றுக்குள் எப்படி மடித்து வைப்பது?

வியாழன், ஃபோல்க்ஸ்ரஸ்ட்

ஸ்டாண்டர்டன் வழியாக நேர் சாலை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்காடு, நடுநடுவே நிலக்கரி லாரி. ஃபோல்க்ஸ்ரஸ்டைத் தாண்டினால் மாகாண எல்லை: இந்தப் பக்கம் புமலாங்கா, அந்தப் பக்கம் குவாசுலு-நேட்டால். ஒரு பலகை இருக்கிறது. கார் வேகத்தைக் குறைக்கவே இல்லை, நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

1910 மே 31இல் டிரான்ஸ்வால், நேட்டால் உட்பட நான்கு காலனிகளும் சேர்ந்து ஒரே யூனியன் ஆகிவிட்டன. ஆனால் இந்தியர்களுக்கு மட்டும் இந்தக் கோடு நாட்டு எல்லையாகவே நீடித்தது. பெர்மிட் இல்லாமல் தாண்டினால் குற்றம். அந்தக் குற்றத்தைச் செய்யத்தான் 1913இல் டிரான்ஸ்வால் பெண்கள் கிளம்பினார்கள். இந்து, முஸ்லிம் திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்று அந்த வருஷம் மார்ச்சில் நீதிபதி சர்ல் கொடுத்த தீர்ப்புதான் அவர்களை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்தது.

முதல் குழுவில் பதினொரு பேர், ஏறக்குறைய எல்லோரும் தமிழ்ப் பெண்கள். முதலில் ஃபெரீனிகிங்கில் பெர்மிட் இல்லாமல் எல்லை தாண்டினார்கள். போலீஸ் பிடிக்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் தெருவில் வியாபாரம் செய்துபார்த்தார்கள். அப்போதும் பிடிக்கவில்லை. கைது செய் என்று கையை நீட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து அரசு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிரிட்டோரியாவில் எனக்கு உறைத்தது அந்தப் பெண்களுக்கு நூறு வருஷம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. மறித்தால்தான் நீ இருக்கிறாய் என்று அர்த்தம். பிறகு நேட்டாலுக்குள் நியூகாசில் போய், நிலக்கரிச் சுரங்கத் தமிழ்த் தொழிலாளர்களிடம் ஒப்பந்தம் முடிந்தவர்கள் வருஷந்தோறும் கட்ட வேண்டியிருந்த மூன்று பவுன் வரியைப் பற்றிப் பேசி வேலைநிறுத்தம் மூட்டினார்கள். அப்போது மறித்தார்கள், மூன்று மாதம் கடுங்காவல்.

அந்தப் பதினொரு பேரின் பட்டியல் காந்தியின் நூலில் இருக்கிறது. திருமதி தம்பி நாயுடு, திருமதி என். பிள்ளை, திருமதி பெருமாள் நாயுடு என்று கணவர் பெயரிலேயே போகிறது. கல்யாணம் ஆகாததால் மீனாட்சிக்குச் சொந்தப் பெயர் தப்பித்தது. கல்யாணம் செல்லுமா செல்லாதா என்று போராடப் போனவர்களைக் கல்யாணத்தின் பெயராலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்! திருமதி தம்பி நாயுடு வீரம்மாள் என்பது குடும்பத்தார் வழியாக நமக்கு வந்தது. மற்றவர்களுக்கு மரண அறிவிப்புகளைத்தான் தேட வேண்டும், மனைவி என்ற கட்டத்தில்.

அந்த வேலைநிறுத்தக்காரர்களைக் காந்தி அழைத்துக்கொண்டு கிளம்பினார். நவம்பர் 6இல் நேட்டால் பக்கத்துச் சார்ல்ஸ்டவுனிலிருந்து இந்தக் கோட்டைத் தாண்டி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். பெட்ரோல் பங்கில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

சனி, டர்பன்

வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க். காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஸ்டேஷனைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. வள்ளியம்மை இருந்த பழைய சிறையை வெளியிலிருந்து பார்த்தேன். 1913 டிசம்பரில் அம்மாவோடு சேர்ந்து உள்ளே போனார். உடம்புக்கு முடியாமல் போனபோது முன்கூட்டியே விடுகிறோம் என்றதற்கு மாட்டேன் என்றிருக்கிறார்.

டர்பனில் வேலை பத்திரிகைகளில். 1903இல் தொடங்கிய காந்தி தரப்புப் பத்திரிகை 'இந்தியன் ஒப்பீனியன்' ஆரம்பத்தில் நான்கு மொழியில் வந்தது, தமிழும் உண்டு. அதை மட்டும் படித்தால் எல்லோரும் காந்தியின் பின்னால் கைகட்டி நடந்தது போலத்தான் தெரியும். 1908இல் பி. எஸ். அய்யர் நடத்திய 'ஆஃப்ரிகன் கிரானிக்கிள்' ஆங்கிலத்திலும் தமிழிலும் வந்தது. அவருக்குக் காந்தியோடு ஒத்துப்போகவில்லை, வாரு வாரென்று வாரியிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவனுக்குத்தான் அந்தக் காலத்துத் தமிழர்கள் ஆளுக்கொரு அபிப்பிராயம் உள்ளவர்களாகத் தெரிவார்கள்.

இனி நாராயணசாமி. 1910இல் டிரான்ஸ்வால் அரசு சத்தியாகிரகிகளைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு நாடுகடத்தியது. அவர்களில் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்களும் உண்டு. பார்த்தே இராத 'தாய்நாட்டில்' வந்து இறங்கியவர்களைச் சென்னையில் ஜி. ஏ. நடேசன் தங்கவைத்துச் சாப்பாடு போட்டு, திரும்பிப் போகவும் உதவினார். அப்படித் திரும்பிய கூட்டத்தில் நாராயணசாமியும் ஒருவர். டர்பனில் இறங்க விடவில்லை. கேப்டவுனிலும் விடவில்லை. மேல்தளத்தில், போதிய துணிகூட இல்லாமல், துறைமுகம் துறைமுகமாக அலைந்து டெலகோவா விரிகுடாவில் உயிர் போனது.

அவரை எத்தனை பேர் மறித்தார்கள் என்பது தெரிகிறது. மறித்ததற்கு நடுவில் அவர் யார் என்பது தெரியவில்லை. எந்த ஊர், என்ன தொழில், மனைவி இருந்தாரா, ஒன்றுமில்லை. இப்படிப்பட்டவருக்கு அழுகையும் அலையும் கலந்து இருபது பக்கம் கற்பனையாக எழுத எனக்கும் கை வரும். எழுதப்போவதில்லை. அவருடைய அத்தியாயம் ஏழெட்டுப் பக்கம்தான் இருக்கும். துறைமுகம் ஒவ்வொன்றும் ஒரு பகுதி, தேதி, யார் என்ன உத்தரவு போட்டது, அவ்வளவே. புத்தகத்தில் அது ஒல்லியாகத் தெரியட்டும்.

நாளைக்கு விமானம், அடுத்தது மொரீஷியஸ், தம்பி நாயுடுவின் பெற்றோரைத் தேடி. அதற்குள் படிக்கிறவர்களிடம் ஓர் உதவி. 1910இல் டிரான்ஸ்வாலிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, சென்னையிலோ தஞ்சைப் பக்கத்திலோ தங்கிவிட்ட யாராவது உங்கள் குடும்பத்தில் உண்டா? பெர்மிட், கைரேகைத் தாள், கடிதம், 'ஜோகன்னஸ்பர்க் தாத்தா' என்று வீட்டில் சொல்லும் கதை, எதுவானாலும் சரி. நிஜமோ பொய்யோ, முதலில் எழுதி அனுப்புங்கள். சரிபார்ப்பது என் வேலை.